இத்ரிய்யா முதல் பாஸ்தா வரை: ஓர் உணவின் பயணமும் நம் இரைப்பையின் அமானிதமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சென்ற ரமளானில் ஒரு நாள், தராவீஹ் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, விடுமுறைக்கு வந்திருந்த நம் மகள் மேசை விரிப்பில் ஒரு பெரிய தாலத்தை வைத்துக் காத்திருந்தார். தக்காளிச் சாறும் பூண்டும் மிளகாய்த் தூளும் உருகிய சீஸும் சேர்ந்த பாஸ்தா. "வாப்பா, நானே செய்தேன்" என்று அவர் சொன்ன பிறகு மறுக்க மனம் வருமா? இரண்டு முறை வாங்கி உண்டோம். இரவு பதினொன்றரைக்குப் படுத்தோம். ஸஹருக்கு ஒரு மணி நேரம் முன்பே நெஞ்சில் தீப்பற்றியதுபோல் எரிந்தது; புளித்த நீர் தொண்டைவரை ஏறி வந்தது. அன்றைய ஸஹரில் ஒரு மிடறு நீருக்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்பட்டன. "வெள்ளைக்காரன் தீனி நம் வயிற்றுக்கு ஆகாது என்று அன்றே சொன்னேன்" என்றார் நம் உம்மா. "இனி இந்த வீட்டில் பாஸ்தா சமைக்கவே மாட்டேன்" என்று மகள் கண் கலங்கினார். பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சலுக்கு மருந்து உட்கொள்பவர் நாம். அந்த உண்மை இரண்டு தீர்ப்புகளிலும் இடம்பெறவில்லை. உம்மா உணவைக் குற்றவாளியாக்கினார். மகள் தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டார். இரண்டு முறை வாங்கி உண்டவரை மட்டும் எவரும் விசாரிக்கவில்லை.

அந்த விசாரணையை நாமே தொடங்கினோம். பாஸ்தா உண்மையிலேயே வெள்ளைக்காரன் தீனிதானா? நம் முன்னோரான ஹகீம்கள் இதைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கிறார்களா? இரைப்பை நோயாளியும் நீரிழிவு நோயாளியும் கோதுமை ஒவ்வாதவரும் இதை என்ன செய்வது? தேடியபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரு தீவும் ஒரு சிற்றூரும்

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்ற கதை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் வெனிஸுக்குத் திரும்பிய ஆண்டு 1295. அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன், 1279இல், ஜெனோவா நகரில் எழுதப்பட்ட ஒருவரின் உடைமைப் பட்டியலில் மக்கரோனி நிறைந்த பெட்டியொன்று குறிக்கப்பட்டுள்ளது. நம்மைப் பொறுத்தவரை இன்னும் முக்கியமான சான்று அதைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. அது அரபு மொழியில் உள்ளது.

ஸபதா எனும் சியூத்தா நகரில் பிறந்த புவியியல் அறிஞர் அல்-இத்ரீசி, சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் பணியாற்றினார். உலக நாடுகளை விவரிக்கும் பெருநூல் ஒன்றை அவர் 1154ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். 'நுஸ்ஹத்துல் முஷ்தாக்' என்பது அதன் பெயர். மன்னரின் பெயரால் 'ரோஜரின் நூல்' என்றும் அது வழங்கப்பட்டது. சிசிலியின் ஊர்களை வரிசையாகச் சொல்லி வருகையில், பலெர்மோவுக்குக் கிழக்கே தெர்மினிக்கு அருகிலுள்ள ஒரு குடியிருப்பை அவர் குறிப்பிடுகிறார். இன்று அதன் பெயர் திராபியா. வற்றாத ஓடைகளும் அவற்றால் இயங்கும் பல மாவு அரைவை ஆலைகளும் அங்கு இருந்தன என்கிறார். அவ்வூரில் 'இத்ரிய்யா' பெருமளவில் செய்யப்பட்டு, கலாப்ரியாவுக்கும் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்டது என்றும் எழுதுகிறார்.

இத்ரிய்யா என்பது மாவைப் பிசைந்து இழைகளாக்கிச் செய்யப்படும் உணவு. அச்சொல் கிரேக்க மொழியில் மாவுப் பண்டத்தைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அரமேய மொழி வழியாக அரபுக்கு வந்தது. ஆகவே, "இதை நாமே கண்டுபிடித்தோம்" என்று பெருமை கொண்டாடுவது நமக்குத் தகாது. மாவைப் பிசைந்து நீரில் வேகவைக்கும் கலை பல சமூகங்களுக்கும் பொதுவானது. சீனர்கள் மிகப் பழங்காலத்திலேயே அதை அறிந்திருந்தனர். ஆயினும் நன்கு உலர்த்தி, மாதக்கணக்கில் கெடாமல் சேமித்து, கடல் கடந்து விற்கும் ஒரு வணிகப் பொருளாக மத்தியதரைக் கடல் பகுதியில் இதைப் பரப்பியதில் முஸ்லிம்களின் பங்கு பெரிது என்பதை அந்த ஒரு குறிப்பே காட்டிவிடுகிறது.

இவ்விடத்தில் மனம் கனக்கும் ஒரு வரலாறும் உண்டு. முஸ்லிம் படை 827ஆம் ஆண்டில் சிசிலியில் இறங்கியது. 831இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1072இல், நார்மானியர் அந்நகரைக் கைப்பற்றினர். அதன் பிறகும் முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தனர். இத்ரீசி எழுதியது அந்தக் காலத்தில்தான். 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் தீவில் எஞ்சியிருந்த முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்திலுள்ள லூச்சேரா நகருக்குப் பெயர்த்தார். 1300ஆம் ஆண்டில் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டு, அங்கிருந்தோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பாங்கொலி மறைந்தது. அவர்கள் பிசைந்த மாவின் பெயர் மறையவில்லை. தென் இத்தாலியின் சில பகுதிகளில் 'திரியா' என்ற பெயரில் பாஸ்தா வகை இன்றும் உண்டு. கொண்டைக்கடலையுடன் சேர்த்துச் சமைக்கப்படும் அவ்வுணவின் பெயரில் இத்ரிய்யா உயிரோடிருக்கிறது.

ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இதே நிலைதான். அந்தலுஸில் 'ஃபிதாவ்ஷ்' என்று வழங்கிய மாவிழையே ஸ்பானிய மொழியில் 'ஃபிதேயோஸ்' ஆயிற்று. போர்த்துக்கலில் 'அலெத்ரியா' என்றொரு இனிப்பு உண்டு. அரபுச் சொல்லின் 'அல்' கூட உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெல்லிய மாவிழைகளைப் பாலிலும் சர்க்கரையிலும் காய்ச்சி, மேலே இலவங்கப்பட்டைத் தூள் தூவுவார்கள். பெருநாள் காலையில் நம் வீடுகளில் மணக்கும் சேமியாப் பாயசத்தை அறிந்த எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது.

கிழக்கே பாரசீக மொழி பேசுவோர் இதே உணவை 'ரிஷ்தா' என்றனர். 'இழை' என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில், கி.பி. 1226இல், பக்தாதில் தொகுக்கப்பட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் ரிஷ்தாவின் செய்முறை உள்ளது. கொழுப்புள்ள இறைச்சி, இலவங்கப்பட்டை, சிறிது உப்பு, தோல் நீக்கிய கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, பருப்பு அரைக் கைப்பிடி ஆகியவற்றை வேகவைத்து, நான்கு விரல் நீளமாக நறுக்கிய மாவிழைகளை அதில் இட்டுச் சமைக்கச் சொல்கிறது. ஈரானிலும் அல்ஜீரியாவிலும் இன்றும் அந்தப் பெயரில் உணவுகள் உண்டு.

இவ்வளவையும் உம்மாவிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஆட்கள் செய்தது என்றால் மட்டும் நெஞ்சு எரியாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓர் உணவின் வம்சம் நல்லதென்பதால் அது எல்லா இரைப்பைக்கும் நல்லதாகிவிடாது.

ஹகீம்கள் சொன்னது என்ன?

அக்கால மருத்துவர்கள் உணவைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. அபூபக்ர் அர்-ராஸீ (865–925) உணவுகளின் நன்மைகளையும் அவற்றின் தீங்கைத் தடுக்கும் வழிகளையும் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அந்த நூலின் பெயரே ஒரு பாடம்: ஒரே உணவில் நன்மையும் உண்டு, தீங்கும் உண்டு, தீங்கைத் தடுப்பதற்கு வழியும் உண்டு. பக்தாதின் இப்னு புத்லான் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' எனும் நூல் உணவு, உறக்கம், காற்று, மனநிலை ஆகியவற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எது எவருக்கு ஏற்றது என்று வகுத்துக் காட்டியது. அது லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அழகிய ஓவியங்களோடு படியெடுக்கப்பட்டது. அந்தச் சுவடிகளில் ஒன்றில் பெண்கள் மாவிழைகளைச் செய்து உலர்த்தும் காட்சியும் தீட்டப்பட்டுள்ளது.

நம் கேள்விக்கு நேரடியாக விடை தருபவர் இப்னு சீனா (980–1037). 'அல்-கானூன்' நூலின் எளிய மருந்துகள் பற்றிய பகுதியில் இத்ரிய்யாவுக்கு ஒரு பதிவு இருக்கிறது. தம் நாட்டில் அதை ரிஷ்தா என்பார்கள் என்கிறார். அது புளிக்கவைக்காத மாவால் ஆனது. ஆதலால் செரிக்கத் தாமதமாகும், இரைப்பைக்குக் கனமானது என்று கணிக்கிறார். இறைச்சி சேர்க்காமல் சமைத்தால் இலேசாகும் என்று சிலர் கருதுவதைக் குறிப்பிட்டு, அதை அவர் முழுமையாக ஏற்கவில்லை. மிளகும் வாதுமை எண்ணெயும் சேர்த்தால் அதன் நிலை சற்றுச் சீராகும் என்கிறார். செரித்துவிட்டால் மிகுந்த ஊட்டம் தரும் என்றும் ஒப்புக்கொள்கிறார்.

இந்தப் பதிவின் நடுநிலை நம்மைக் கவர்ந்தது. "உண்ணாதே" என்று அவர் விலக்கவில்லை. "அற்புத உணவு" என்று விற்கவும் இல்லை. இது கனமானது, உன் வயிற்றை அறிந்து உண் என்கிறார். அவர் காலத்து மருத்துவம் வெப்பம், ஈரம் என்ற குணங்களின் அடிப்படையில் அமைந்தது. இன்றைய மருத்துவம் வேறு அடிப்படையில் நிற்கிறது. எனவே அவருடைய சிகிச்சைக் குறிப்புகளை இன்றைய நோயாளிக்கு மருந்துச் சீட்டாக நீட்டுவது தவறு. அவருடைய கவனத்தையும் நேர்மையையும் நாம் பின்பற்றலாம்.

அன்று இல்லாத தக்காளி

பக்தாதின் ரிஷ்தாவிலும் சிசிலியின் இத்ரிய்யாவிலும் தக்காளி கிடையாது. இருக்கவும் முடியாது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. அச்சடித்த இத்தாலியச் சமையல் நூலில் தக்காளிச் சாறு இடம்பெற்றது 1690களில்; பாஸ்தாவும் தக்காளியும் ஒன்றுசேர்ந்த செய்முறை அதற்கும் நூறாண்டு கழித்தே நூலேறியது. மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆக, நம் வீட்டில் "பாஸ்தா" என்று குற்றம் சாட்டப்பட்ட தாலத்தில், மாவிழை ஒரு பங்குதாரர் மட்டுமே.

நெஞ்செரிச்சல் எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று நோக்குவோம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. உணவு இறங்கும்போது அது தளர்ந்து, பின்னர் இறுகிக்கொள்ளும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தாலோ, இரைப்பை அளவுக்கு மீறி நிரம்பி அழுத்தினாலோ, அமிலம் மேலேறும். இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. அதுவே எரிச்சல்.

கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நீண்ட நேரம் தங்கும்; அந்தத் தசை வளையத்தையும் தளர்த்தும். தக்காளி தானே அமிலத்தன்மை உடையது. மிளகாயும் பச்சை வெங்காயமும் பூண்டும் பலருக்கு எரிச்சலைத் தூண்டும். சாக்லேட், புதினா, காபி போன்றவையும் சிலருக்கு ஆகா. வயிறு நிறைய உண்டு உடனே படுத்தால், புவியீர்ப்பின் துணையும் இல்லாமற்போகிறது. வெறுமனே வேகவைத்த மாவிழையோ கொழுப்பும் அமிலமும் குறைந்தது. அளவோடு உண்டால் பெரும்பாலான நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அது தொல்லை தருவதில்லை.

அந்த இரவை இவ்விதம் பிரித்துப் பார்த்தோம். தக்காளிச் சாறு, மிளகாய், சீஸ், இரண்டு தட்டு, இரவு பதினொன்றரை, உடனே படுக்கை. ஆறு காரணங்கள். அவற்றில் மூன்று சமைத்தவருடையவை, மூன்று உண்டவருடையவை. முதல் மூன்றும் அறியாமல் நேர்ந்தவை. பின் மூன்றையும் நாம் அறிந்தே செய்தோம்.

மூன்றில் ஒரு பங்கு

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் தன் திருமறையில் (7:31) கட்டளையிட்டிருக்கிறான். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், நிமிர்ந்து நிற்கச் சில கவளங்களே போதும் என்றும், தவிர்க்க இயலாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் திர்மிதி பதிவு செய்துள்ளார்கள். இந்த நபிமொழியை நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். இரண்டாம் தட்டு நீட்டப்பட்டபோது அது நம் நினைவுக்கு வரவில்லை.

உறக்கம் பற்றியும் ஒரு கேள்வி பலரை உறுத்துகிறது. வலப்புறம் சாய்ந்து படுப்பது நபிவழி. ஆனால் இரவு நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இடப்புறம் சாய்ந்து படுப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாயைவிடத் தாழ்வாக அமைவதால் அமிலம் ஏறுவது குறைகிறது. இதில் முரண்பாடு காண வேண்டியதில்லை. வலப்புறம் படுப்பது விரும்பத்தக்க செயல், கட்டாயக் கடமையன்று. துஆ ஓதி வலப்புறமாகச் சாய்ந்து தொடங்கி, பிறகு இடப்புறம் திரும்பிக்கொள்ளலாம். உறக்கத்தை வலப்புறம் தொடங்கி, பின்பு இடப்புறம் திரும்புவதை இப்னு சீனாவும் பரிந்துரைத்திருக்கிறார். உண்டபின் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் படுக்காதிருப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும் பயன் தரும்.

ஒரே தாலத்தில் பல உடல்கள்

நெஞ்செரிச்சல் ஒன்றுதான் நம் வீடுகளில் உள்ள பிணி என்று சொல்ல முடியாது. ஒரு ஸஹனைச் சுற்றி அமரும் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு, ஒருவருக்கு இரத்த அழுத்தம், ஒருவருக்கு ஒவ்வாமை இருக்கக்கூடும்.

நீரிழிவு உள்ளோர் ஒன்றை அறிய வேண்டும். உலர் பாஸ்தா 'துரும்' எனப்படும் கடினக் கோதுமையின் ரவையால் செய்யப்படுவது. இத்தாலியில் 1967ஆம் ஆண்டுச் சட்டமே அதை வலியுறுத்தியது. அதன் மாவுச்சத்து இறுகிய புரத வலைக்குள் அடைபட்டிருப்பதால், வெள்ளை ரொட்டியைவிட மெதுவாகவே சர்க்கரையாக மாறுகிறது. குழைய வேகவைத்தால் அந்த நன்மை குறைந்துவிடும். சற்று விறைப்பாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். இத்தாலியில் ஒருவருக்கு உரிய பங்கு உலர்ந்த நிலையில் 80 கிராம்தான். நாம் அதை ஒரு முழுத் தட்டு என்று எடுத்துக்கொண்டு, பின்னர் உணவைக் குறை சொல்கிறோம். பக்தாத் செய்முறையில் இருந்ததுபோல் பருப்பும் கடலையும் சேர்ப்பது நீரிழிவு உள்ளோருக்கு நல்லது. இரத்த அழுத்தம் உள்ளோருக்கு வேகவைக்கும் நீரிலும் சீஸிலும் உள்ள உப்பே பகை. சிறுநீரக நோயாளிகள் தக்காளியில் உள்ள பொட்டாசியத்தைக் குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கோதுமையே ஆகாதவர்களின் நிலை வேறு. 'சீலியாக்' என்ற நோயில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள 'குளூட்டன்' எனும் புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவி 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். அதற்கு முன்பு எத்தனையோ குழந்தைகள் "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று வற்புறுத்தப்பட்டே மெலிந்து மடிந்தனர். இந்நோய் உள்ளவருக்கு "ஒரு கவளம்தானே" என்பது செல்லாது. அளவைக் குறைப்பது போதாது, முழுமையாகத் தவிர்க்க வேண்டும். பெருநாள் சேமியாவும் பெரும்பாலும் கோதுமைதான். அரிசி இடியாப்பம் அவருக்கு ஏற்றது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம் என்பதையும் சமைப்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

பார்லி மாவில் செய்யும் தல்பீனா, நோயாளியின் உள்ளத்துக்கு இதம் தருவது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் வந்துள்ளது. அத்தகைய சிறப்புடைய உணவும் சீலியாக் உள்ளவருக்கு ஆகாது. அவர் அதைத் தவிர்ப்பதால் நபிமொழியை மறுத்தவராகிவிட மாட்டார். தமக்கும் பிறருக்கும் தீங்கிழைத்தல் கூடாது என்பதும் நபிமொழிதானே.

மறுப்பவரை நோக்கும் பார்வை

இறுதியாக, வரலாற்றைப் புரட்டியபோது நம்மை வெட்கப்படவைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமண விருந்தில், மூத்தவர் ஒருவர் பிரியாணியைத் தொடாமல் தயிர்ச் சோறு கேட்டார். "விருந்தில் வந்து இப்படிச் செய்யலாமா காக்கா? பரக்கத்தான உணவு, ஒன்றும் செய்யாது" என்று நாமே அவர் தட்டில் அள்ளி வைத்தோம். பலர் பார்க்க மறுக்க நாணி அவர் உண்டார். அவருக்குக் குடற்புண் இருந்ததும், அன்றிரவு முழுதும் அவர் துடித்ததும் பின்னரே தெரியவந்தன. விருந்தோம்பல் என்று நாம் எண்ணியது அவருக்கு வேதனையாக முடிந்தது. மன்னிப்புக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். சுட்ட உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டது. அது என்னவென்று அறிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். விலக்கப்பட்டதா என்று காலித் இப்னுல் வலீத் (ரலி) வினவியபோது, இல்லை, தம் சமூகத்தாரின் நிலத்தில் இல்லாததால் தமக்கு அதில் விருப்பமில்லை என்றே விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் உண்டார், ஒருவர் தவிர்த்தார். உண்டவர் இழிவுபடுத்தப்படவில்லை, தவிர்த்தவர் வற்புறுத்தப்படவில்லை. அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதும் உறுதியான அறிவிப்பு.

நம் வீட்டுக் குழப்பத்துக்கு இதில் முழுத் தீர்வும் இருந்தது. உம்மா உணவைக் குறை கூறியிருக்க வேண்டியதில்லை. மகள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. "இது எனக்கு இந்நேரத்தில் ஆகாது, மகளே, நாளை இஃப்தாருக்குப் பின் கொஞ்சம் தா" என்று நாம் அன்போடு சொல்லியிருக்கலாம். அன்பின் பெயரால் உண்மையை மறைத்தவர் நாமே.

பெருநாளுக்குப் பின் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்த வேளையில், மகள் மீண்டும் சமைத்தார். கொண்டைக்கடலையும் தோல் நீக்கிய கோழித் துண்டுகளும் இலவங்கப்பட்டையும் சிறிது மிளகும் சேர்ந்த மாவிழை. பக்தாத் செய்முறைக்கு ஏறத்தாழ நெருங்கிய ரிஷ்தா. தக்காளிச் சாறு விரும்பிய இளையவர்களுக்குத் தனிக் கிண்ணத்தில் இருந்தது. நாம் ஒரு சிறு கிண்ணம் உண்டோம். இஷாவுக்குப் பின் வெகுநேரம் கழித்தே படுத்தோம். அன்றிரவு எரிச்சல் இல்லை. உம்மாவும் இரண்டு கவளம் உண்டு பார்த்து, "உப்புக் குறைவு" என்றார். அது அவர் வழங்கும் பாராட்டு.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கடமை. வாரத்தில் பலமுறை நெஞ்செரிச்சல் வந்தாலோ, விழுங்கக் கடினமாயிருந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலம் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, சமையலை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்; மருத்துவரை நாடுங்கள். நெஞ்சுவலி கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ, அது இதயத்தின் அழைப்பாக இருக்கலாம். அந்நொடியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோயின் காரணமாக நோன்பைத் தள்ளிவைக்க இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே.

நம் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் விருந்தினரின் உடலும் அவ்விருந்து முடியும்வரை நம்மிடம் உள்ள அமானிதமே. உண்பதில் அளவையும், மறுப்பதில் பண்பையும், மறுப்பவரை மதிக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.